மார்க் போடும் கருவி வேண்டாம், டச் சீட்டு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வணிக இணைப்பில், கூகுளில் முதல் பக்கத்துக்கு வர 25 இலவசக் கருவிகள் என்று ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. என் கொழுந்தனார் அதைக் கத்தரித்துப் பட்டறைத் தராசுக்கு மேலே ஒட்டிவிட்டார். “அண்ணி, தினம் ஒண்ணா பாத்தாக்கூட ஒரு மாசத்துல நாமதான் மேல” என்றார். நான் அதைக் கிழிக்கவில்லை. கணக்கு எழுதுகிற சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தேன். 25-ல் மிஞ்சியது 6. ஏன் அடித்தேன் என்று அவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. சரி, இதே சந்தேகம் உங்கள் வாசகர்கள் பலருக்கும் இருக்குமே, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் வெட்டாதீர்கள்.

எங்களுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. மாமனார் காலத்தில் தொடங்கியது. கம்பி இழுக்க, பற்றவைக்க, சலங்கை கோக்க, மெருகு போட என்று எல்லாம் சேர்த்து ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கணக்கு என் கையில். 2022-லிருந்து இணையதளமும் என் தலையில். பி.காம். படித்தவள்தானே, கம்ப்யூட்டர் தெரியும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டது யார் காதிலும் விழவில்லை.

தளம் போட்டுக் கொடுத்தது ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம், சண்டையெல்லாம் முடிந்துவிட்டது. 22,000 ரூபாய் வாங்கினார்கள். மூன்று மாதத்தில் முதலிடம், அதற்கு நாங்கள் உத்தரவாதம் என்றார்கள். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருப்பது அப்போது எனக்குத் தெரியாது. மாதா மாதம் வண்ண வண்ணமாக ஒரு அறிக்கை வரும். அதில் பச்சை வட்டத்துக்குள் 87 என்று இருக்கும். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “உன் பையன் மார்க்கை விட நல்லா இருக்கே” என்பார். ஆனால் தளத்தைப் பார்த்துவிட்டு ஒரு போன் வரவில்லை. ஒரு மாதம் இல்லை, இரண்டு மாதம் இல்லை, 14 மாதம்.

அதற்கப்புறம் ஒரு நாள் ராத்திரி, கூகுள் புதியவர்களுக்காகப் போட்டிருக்கும் தொடக்க வழிகாட்டியைப் படித்துக்கொண்டிருந்தேன். இலவசம்தான், 25-ல் அது இல்லை, இருந்திருக்க வேண்டும். அதில் முதலிலேயே ஒரு சோதனை சொல்லியிருந்தார்கள். தேடும் கட்டத்தில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தளத்தின் முகவரியைப் போடுங்கள், கூகுளுக்கு உங்கள் தளம் தெரியுமா என்று தெரிந்துவிடும் என்று. போட்டேன். ஒன்றும் வரவில்லை. எழுத்துப் பிழையோ என்று மறுபடி போட்டேன். அப்போதும் இல்லை. 87 மார்க் வாங்கிய எங்கள் தளம் கூகுளின் ஏட்டிலேயே இல்லை.

காரணம் என்ன தெரியுமா? ஒரே ஒரு டிக். எங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற, தளம் கட்டும் மென்பொருளில் செய்தது. அதன் அமைப்புகளில் ‘வாசிப்பு’ என்று ஒரு பக்கம் உண்டு. அங்கே, தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. தளம் செய்துகொண்டிருக்கும்போது அரைகுறையாக வெளியே தெரியக் கூடாது என்று அதில் டிக் போடுவார்கள். வேலை முடிந்ததும் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. கடைக்கு வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, வாசலில் கோலமும் போட்டு, ஷட்டரை மட்டும் இறக்கியே வைத்திருந்தோம். அறிக்கை கொடுத்த மென்பொருள் வெள்ளையடித்ததற்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தது.

அந்த டிக்கை எனக்குக் காட்டிக் கொடுத்தது கூகுள் சர்ச் கன்சோல், தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் கருவி. 2006-ல் வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று வந்தது, 2015-ல் பெயர் மாறியது, இன்று வரை காசு கேட்டதில்லை. உள்ளே போக, தளம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். அதில்தான் இன்னொரு குட்டு உடைந்தது. முகவரிப் பதிவின் வழியாக நிரூபிக்கப் பார்த்தால், எங்கள் பட்டறைப் பெயரைக் கொண்ட இணைய முகவரி அந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருந்தது. வீட்டுப் பத்திரம் கொத்தனார் பெயரில் இருந்தால் எப்படி இருக்கும்? நல்ல வேளை, இன்னொரு வழி உண்டு: கூகுள் தரும் ஒரு வரியைத் தளத்தின் முகப்புக்குள் ஒட்டினால் போதும். தளத்தின் கடவுச்சொல் என்னிடம் இருந்ததால் பிழைத்தேன். முகவரியை எங்கள் பெயருக்கு மாற்றி வாங்க மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. இதைப் படிக்கிறவர்கள் யாராவது தளம் வைத்திருந்தால், கருவி எதையும் தொடும் முன்னால் முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

உள்ளே போய் முகப்புப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துப் பரிசோதித்தேன். ‘நோஇண்டெக்ஸ்’, அதாவது சேர்க்காதே என்ற குறி இருப்பதால் சேர்க்கவில்லை என்று பளிச்சென்று சொன்னது. டிக்கை எடுத்தேன், சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தேன். நான்காம் நாள் முகப்பு ஏறியது. மற்ற பக்கங்கள் மெல்ல மெல்ல வந்தன.

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளியைக் கண்ணால் பார்த்து யாரும் நம்ப மாட்டார்கள். அண்ணன் தம்பி கொடுத்தாலும் டச், அதாவது வெள்ளியின் சுத்தம், பார்க்கக் கொடுத்து சீட்டு வாங்குவோம். சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் பேச்சு. தெருவில் போகிறவர் தூக்கிப் பார்த்து, ‘நல்ல வெள்ளிதாங்க, நூத்துக்கு எண்பத்தேழு இருக்கும்’ என்றால் அதை வைத்து விலை பேசுவோமா? கருவிக்கும் அதே கேள்விதான். இது எதைப் பார்த்துச் சொல்கிறது? கூகுளில் மக்கள் என்ன அடித்தார்கள் என்பது கூகுளுக்குத் தெரியும். என் தளத்துக்குள் என்ன இருக்கிறது என்பது என் தளத்துக்குள் நுழைந்து பார்க்கிற கருவிக்குத் தெரியும். இந்த இரண்டும் இல்லாமல் வெளியே நின்று மார்க் மட்டும் போடுகிறவற்றைத்தான் சிவப்புப் பேனாவால் அடித்தேன்.

சர்ச் கன்சோலில் நான் தினமும் பார்ப்பது ஒரே ஒரு பக்கம். மக்கள் எந்தச் சொல்லைத் தேடியபோது நம் தளம் கண்ணில் பட்டது, எத்தனை தடவை பட்டது, அதில் எத்தனை பேர் தொட்டு உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றோம். 16 மாதம் வரை பின்னால் போய்ப் பார்க்கலாம். கணக்குப் புத்தகம் மாதிரியே இருக்கும். ஆனால் ஒரு எரிச்சல் சொல்ல வேண்டும்: கூட்டல் இடிக்கும். மேலே மொத்தம் 212 கிளிக் என்று இருக்கிறது, கீழே வரி வரியாகக் கூட்டினால் 131-தான் வருகிறது. 81 எங்கே போயிற்று என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். மாமியார், “யார் ஏமாத்துனாங்க?” என்று எழுந்து வந்து கேட்டார். யாரும் ஏமாற்றவில்லை. மிகச் சில பேர் மட்டும் தேடிய சொற்களை, தேடியவர் யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகக் கூகுள் பட்டியலில் காட்டுவதில்லை. மொத்தத்தில் மட்டும் சேர்க்கிறது. இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு ராத்திரித் தூக்கம் மிச்சம்.

இனி அந்த வரிகளுக்கு வருகிறேன். எங்கள் தளத்தின் தலைப்பு ‘சில்வர் ஆர்னமெண்ட்ஸ் மேனுஃபேக்சரர்ஸ் அண்ட் ஹோல்சேலர்ஸ்’. கம்பீரமாகத்தான் இருந்தது. ஒருத்தராவது அப்படித் தேட வேண்டுமே! வரிகளில் இருந்ததெல்லாம் கொலுசு, கொலுசு, கொலுசு. தமிழில் அடித்தது, ஆங்கில எழுத்தில் அடித்தது, நடுவில் ஒரு எழுத்தை விட்டு அடித்தது. எங்கள் தளம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். கொலுசு என்ற சொல் ஒரே இடத்தில்தான் இருந்தது: பட்டறைப் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துப் போட்டிருந்தோமே, அந்தப் படத்துக்குள். இரண்டு தலைமுறையாகக் கொலுசு செய்கிற குடும்பம், தன் தளத்தில் அந்தச் சொல்லை எழுதவே இல்லை.

வரிகளில் ஒன்று இன்னும் மறக்கவில்லை. ‘சத்தம் வராத கொலுசு’. சில மாதங்களில் 340 தடவை கண்ணில் பட்டிருக்கிறோம், 38-ஆவது இடம், கிளிக் பூஜ்யம். என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். “சத்தம் வராததுக்குப் பேர் கொலுசா? அதுக்கு நூல் கட்டிக்கலாமே” என்றார். பட்டறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆபீஸுக்குப் போகிற பெண்ணுக்கு, ராத்திரி ஷிஃப்ட் நர்ஸுக்கு, தூளியில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அடுப்படிக்கு நடக்கிற அம்மாவுக்கு வேண்டியது அதுதான் என்று எனக்குப் பட்டது. கல்யாணமான புதிதில் இந்த வீட்டில் நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட எல்லாருக்கும் கேட்கும். அது எனக்குத் தெரியும், பட்டறை ஆண்களுக்கு எப்படித் தெரியும்? ஆறு ஜோடி மட்டும் சலங்கை இல்லாமல், திருகாணி வைத்து, தட்டையாகச் செய்து கொடுங்கள் என்று கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள். நானே போனில் படம் எடுத்து, தேடியவர்கள் அடித்த அதே மூன்று சொல்லைத் தலைப்பாக வைத்து ஒரு பக்கம் போட்டேன். எடை எத்தனை கிராம், என்ன டச், கூலி எவ்வளவு, சலங்கை இல்லாமல் எப்படிச் செய்கிறோம் என்று எழுதினேன். மூன்று மாதம் கழித்து அந்த வரி 6-ஆவது இடத்தில் இருந்தது. ஆறு ஜோடியும் போய், அப்புறம் செய்ததும் போனது. இப்போது சிரிப்பதில்லை.

2025-ல் வெள்ளி விலை எகிறியபோதும் இதே புத்தகம்தான் முன்கூட்டிச் சொன்னது. அதுவரை ‘கல்யாணக் கொலுசு’, ‘கனமான கொலுசு’ என்று வந்த வரிகள் குறைந்து, ‘எடை குறைந்த கொலுசு’, ‘50 கிராம் கொலுசு’ என்று மாற ஆரம்பித்தன. வியாபாரிகள் வந்து சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் 25-ல் எந்த மார்க் கருவி இதைச் சொல்லும்?

இன்னொரு வரி, ‘கொலுசு கருக்காமல் இருக்க என்ன செய்வது’. இதற்குப் பதில் எழுத நான் எங்கேயும் போகவில்லை. நாற்பது வருடமாகப் பற்றவைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவர் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன். “கண்ணு, கருக்கறது வெள்ளி மட்டம்னு அர்த்தம் இல்ல. காத்துல இருக்கற கந்தகம் வந்து ஒட்டுது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வெக்காதீங்கன்னு எழுது. பேப்பர்ல சுத்தி வெக்காதீங்கன்னும் எழுது” என்றார். ரப்பரில் கந்தகம் உண்டு, அதனால் ரப்பர் பேண்டு பட்ட இடம் கோடு போட்ட மாதிரி கருத்துவிடும். பேப்பர் விஷயத்தில் ஆசிரியர் கோபிக்கக் கூடாது, அதுவும் உண்மைதான். பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரில் மெல்லத் தேய்க்கச் சொன்னார். மெருகு போடுகிறவர்கள் காலம் காலமாகச் செய்வது அது. அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். எங்கள் தளத்துக்கு ஆள் கூட்டிவருவதில் இன்றைக்கு அந்தப் பக்கம்தான் முதல். அதைப் படிக்க வந்தவர்கள் எல்லாரும் கொலுசு வாங்குகிறார்களா? இல்லை. பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் வாங்குகிறவர்கள் போன் பேசும்போது, “அந்த ரப்பர் பேண்டு எழுதுனது நீங்கதானே” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

இடம் என்று சொன்னேனே, அதில் ஒரு ஏமாற்று உண்டு. என் போனில் தேடினால் நாங்கள்தான் முதல். தினம் அந்தத் தளத்தையே பார்க்கிற போன், அதுவும் சேலத்தில் இருக்கிற போன். மதுரையில் சித்தியைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னேன். “மூணாம் பக்கம் வரைக்கும் போயிட்டேன், உங்களைக் காணோம்டி” என்றார். அதற்கப்புறம் என் போனை நான் நம்புவதில்லை, சராசரியைத்தான் பார்க்கிறேன்.

இனி நான் அடித்தவை. 25-ல் இரண்டு செத்தே போயிருந்தன. தளங்களுக்கு இடம் போட்டுவந்த அலெக்ஸா தரவரிசையை 2022 மே 1-ல் மூடிவிட்டார்கள். தளம் போனில் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்க்கும் கூகுளின் தனிச் சோதனையும் 2023 டிசம்பரோடு முடிந்தது. யாரோ பழைய பட்டியலை எடுத்து உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்து, முகவரியைப் போட்டால் சுற்றிச் சுற்றி, சிவப்பாக 43 என்று காட்டிவிட்டு, முழு அறிக்கைக்கு மின்னஞ்சலும் போன் நம்பரும் கேட்கும் ஜாதி. இதில் மட்டும் எட்டு. நான் ஒன்றுக்கு நம்பர் கொடுத்துவிட்டு ஒரு வாரம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நல்லி எலும்பு வாங்கப் போன கடையில் கூட அழைப்பு வந்தது. அந்த 43-க்கு அது சொன்ன முதல் காரணம், மெட்டா கீவேர்ட் என்று, தேடுபொறிக்காக மறைவாக எழுதும் ஒரு வரி எங்கள் தளத்தில் இல்லையாம். தரவரிசைக்கு அந்த வரியைத் தாங்கள் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. பார்க்காத பேப்பருக்கு மார்க் குறைக்கிறார்கள்.

‘டொமைன் அத்தாரிட்டி’ என்று ஒரு எண்ணைப் பற்றி உங்கள் கட்டுரை பயபக்தியோடு எழுதியிருந்தது. ஒரு தளம் தேடலில் எவ்வளவு மேலே வரக்கூடும் என்று மாஸ் என்ற நிறுவனம் தானே கணக்குப் போட்டுச் சொல்வது அது, கூகுள் அந்த எண்ணைப் பயன்படுத்துவதில்லை. போட்டியாளரோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவலாம். அதை 12-லிருந்து 20 ஆக்குகிறேன், 5,000 கொடுங்கள் என்று யாராவது வந்தால், என் அனுபவத்தில், டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

வேகம் பார்க்கும் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸை நான் அடிக்கவில்லை. அதுவும் மார்க்தான் போடுகிறது, ஆனால் காரணத்தைப் பக்கத்திலேயே எழுதுகிறது. போனில் எங்களுக்கு 31 வந்தது. காரணம் படங்கள். கல்யாணத்துக்குப் படம் எடுக்கிற தம்பியைக் கூட்டிவந்து எடுத்தவை, ஒவ்வொன்றும் 6 எம்.பி. பக்கத்தில் பெரிதாகத் தெரியும் பகுதி இரண்டரை வினாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. ஏற்காட்டில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில், மழை நாளில் சிக்னல் ஒரு கோடு இருக்கும்போது எங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன். வெள்ளைத் திரை. மிளகு உரித்துக்கொண்டிருந்த நாத்தனார், “உங்க கொலுசு கொண்டை ஊசி ஏறி வரணும்ல, லேட்டாகும்” என்றாள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, அவள் சொன்னது நியாயம்தான். திரும்பி வந்ததும் ஸ்கூஷ் என்ற இலவசத் தளத்தில் படங்களைச் சுருக்கினேன். 6 எம்.பி. படம் 150 கே.பி. ஆயிற்று, கொலுசின் கண்ணி ஒவ்வொன்றும் அப்படியே தெரிகிறது. மார்க் 31-லிருந்து 84 ஆனது. தரவரிசை உடனே ஏறியதா என்றால் இல்லை, ஓரிடம்கூட நகரவில்லை. ஆனால் வந்தவர்கள் திரும்பிப் போவது குறைந்தது. எனக்கு அது போதும்.

ஒரு சொல்லைத் தேடுவது ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸும் மிஞ்சியது, ஒரு எச்சரிக்கையோடு. அதில் 100 என்று காட்டினால் 100 பேர் என்று என் கொழுந்தனார் நினைத்துவிட்டார். அந்தக் காலத்தில் அந்தச் சொல் உச்சத்தில் இருந்த நாளை 100 என்று வைத்து மற்றதை அதோடு ஒப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். வடக்கே கொலுசை ‘பாயல்’ என்பார்கள் என்று அந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்தோம். வரைபடம் வானத்துக்குப் போயிற்று. கொழுந்தனாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இந்தியில் தளம் போடலாம் என்று கிளம்பிவிட்டார். கீழே தொடர்புடைய தேடல்களைப் பார்த்தால் எல்லாம் நடிகைகள். பாயல் என்பது அங்கே பெண்களின் பெயரும்கூட.

ஒரு சொல்லை மாதம் எத்தனை தடவை தேடுகிறார்கள் என்று சொல்லும் கூகுள் கீவேர்ட் பிளானர் இலவசம் என்று போட்டிருந்தீர்கள். விளம்பரக் கணக்கு தொடங்கினால்தான் உள்ளே விடும். விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்காதவர்களுக்கு ‘100 முதல் 1,000 வரை’ என்று மொத்தமாகச் சொல்லும். கூலி 100-லிருந்து 1,000 வரை என்று நான் சொன்னால் எந்த வியாபாரி ஒப்புக்கொள்வார்? அதில் ‘போட்டி அதிகம்’ என்று வருவதும் விளம்பரம் கொடுக்கிறவர்களுக்குள் இருக்கும் போட்டி. அதைப் பார்த்துப் பயந்து நல்ல சொல் ஒன்றை நான் ஒரு வருடம் தொடாமல் விட்டேன்.

தெருவில் கடை வைத்திருப்பவர்களுக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானதை நீங்கள் 19-ஆவது இடத்தில் போட்டிருந்தீர்கள்: கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். மேப்பில் கடை தெரிவது அதனால்தான். எங்கள் குறி ரொம்ப நாள் லீ பஜார் பக்கம் ஒரு மளிகை மண்டியின் மேல் இருந்தது. ஈரோட்டிலிருந்து கொலுசு வாங்க வந்தவர் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போன் செய்தார். சரி செய்ய, தெருவின் முனையிலிருந்து பெயர்ப்பலகை, ஷட்டர், உள்ளே பட்டறை என்று நடந்துகொண்டே ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் பூட்டைத் திறந்து காட்டுவது வரை எடுத்தேன். கொலைக் குற்றத்துக்கு நடித்துக் காட்டுகிற மாதிரி இருக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். சரியாகிவிட்டது. இதற்குக் கூகுள் ஒரு பைசா வாங்குவதில்லை. கூகுளிலிருந்து பேசுகிறோம், புதுப்பிக்கப் பணம் கட்டுங்கள், இல்லாவிட்டால் மேப்பிலிருந்து எடுத்துவிடுவோம் என்று வாரம் ஒரு போன் வருகிறது. எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் கட்டிவிட்டார்கள். உங்கள் இணைப்பில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போட்டிருக்கலாம்.

மிச்சம் இரண்டு. தளத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும் ஸ்க்ரீமிங் ஃப்ராக்கைக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ள வேண்டும். தளத்துக்குள் 500 முகவரி வரை இலவசம், எங்களுக்கு இருப்பதே 60 பக்கம். எங்கள் பக்கங்களில் 23-க்குத் தலைப்பு வெறும் ‘ஹோம்’ என்று இருந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. அதைத் திருத்தியது ஒரு மத்தியான வேலை. மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்குக்கு இதே மாதிரி இருக்கும் பிங் வெப்மாஸ்டர் டூல்ஸுக்குச் சர்ச் கன்சோலிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஐந்து நிமிடம். எங்களுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் வரவில்லை. செலவும் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக 22-ஆவது கருவி. ஒரே சொடுக்கில் 500 பின்னிணைப்புகள், அதாவது மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு இணைப்புகள், என்று இருந்தது. ஐயா, அதை மட்டும் தயவுசெய்து இனி போடாதீர்கள். காசு கொடுத்தோ எந்திரத்தை வைத்தோ மேலே வருவதற்காக இணைப்பு சேர்ப்பதைக் கூகுள் ‘ஸ்பேம்’, அதாவது குப்பை, என்றே வகைப்படுத்தியிருக்கிறது. 2012-லிருந்து அதற்காகத் தளங்கள் கீழே போயிருக்கின்றன. எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர் 3,000 ரூபாய்க்கு இதை வாங்கினார். இன்றைக்கு அவருடைய கொலுசுத் தளத்துக்கு இணைப்புக் கொடுத்திருப்பவை எல்லாம் யாருக்கும் படிக்கத் தெரியாத மொழிகளில் சூதாட்டத் தளங்கள். அவருடைய மாமியார் அதைப் பார்க்காதவரை நல்லது.

அடுத்த முறை இப்படிப் பட்டியல் போட்டால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று விஷயம் போடச் சொல்லுங்கள். யார் நடத்துவது, எதைப் பார்த்துச் சொல்கிறது, இலவசம் எந்த இடத்தில் முடிகிறது. எண்ணிக்கை 25 வேண்டாம், ஐந்து இருந்தாலும் வாங்கிப் படிக்கிறோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்றைய வரிகளைத் திறந்தேன். புதிதாக ஒன்று வந்திருக்கிறது: ‘கொலுசு திருகாணி கழன்று விழுகிறது’. 11 தடவை கண்ணில் பட்டிருக்கிறோம், 52-ஆவது இடம். பெரியவர் சாப்பிடப் போயிருக்கிறார். வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார வேண்டும், இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக் கணக்குக்காரி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.